தாடை எலும்பும் மண்டை ஓடும்: கட்டி எடுத்த பிறகு வரும் கேள்விகள்

அப்பாவுக்குக் கீழ்த்தாடையில் கட்டி. கால் எலும்பை எடுத்துத் தாடையில் வைப்பார்களாம். பிறகு நடக்க முடியுமா? (குடியாத்தம்)

முடியும். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு. எடையைத் தாங்குவது உள்பக்கம் இருக்கும் தடித்த எலும்பு. எடுப்பது வெளிப்பக்கத்து ஒல்லி எலும்பு, ஃபிபுலா. அதையும் முழுசாக எடுப்பதில்லை. கணுக்கால் ஆட்டம் காணாமலிருக்கக் கீழே 6 முதல் 8 செ.மீ. விடுவார்கள். மேலே 6 செ.மீ. போல விடுவது, அங்கே சுற்றிவரும் நரம்பு அறுந்தால் பாதம் தொங்கிவிடும் என்பதால்.

நேரான எலும்பைத் தாடை வளைவுக்கேற்ப அங்கங்கே ஆப்பு வடிவில் நறுக்கி, டைட்டானியம் பிளேட்டில் திருகுவார்கள். ஒரு துண்டு 2 செ.மீ.க்குக் குறைந்தால் அதற்கு ரத்தம் சரியாக எட்டாமல் போகலாம். பிறகு எலும்போடு வந்த ரத்தக்குழாயைக் கழுத்துக் குழாயோடு மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைப்பார்கள். நூல் தலைமுடியைவிட மெல்லியது.

வம்பு வருவது பெரும்பாலும் முதல் 3 நாளில்தான். எலும்போடு எடுத்து வாய்க்குள் வைத்த சதை நீலம் பாய்ந்து வீங்கினால் சிரை அடைத்திருக்கிறது. வெளுத்துச் சில்லிட்டால் தமனி. சில மணி நேரத்துக்குள் திரும்பத் தியேட்டருக்குப் போனால் காப்பாற்றலாம். மறுநாள் காலை ரவுண்ட்ஸுக்குக் காத்திருக்கக் கூடாது. மூச்சுவிடக் கழுத்தில் போட்ட ட்யூபைக் கட்டும் நாடா இறுகினாலே சிரை நசுங்கும். ஒரு விரல் நுழைகிறதா என்று பாருங்கள்.

பீடியை எப்போது விட வேண்டும்? (ஆற்காடு)

இன்றைக்கே. ஆபரேஷனுக்கு முன் 4 வாரமாவது இடைவெளி கிடைத்தால் நல்லது. 'ஒண்ணே ஒண்ணு'கூட ரத்தக்குழாயைச் சுருக்கும்.

மண்டை ஓட்டில் டைட்டானியம் வலை வைத்திருக்கிறது. வேலூர் வெயிலில் சுடுமா? எம்ஆர்ஐ எடுக்கலாமா? (காட்பாடி)

உலோகம் சூட்டைக் கடத்தும். தோல் மெலிந்த இடத்தில் சிலருக்குச் சுரீரென்று இருக்கும். பருத்தித் துண்டோ குடையோ போதும். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது, எம்ஆர்ஐ எடுக்கலாம். படத்தில் அந்த இடம் மட்டும் மங்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கவலைப்பட வேண்டியது வேறு: தலைத்தோல் சிவந்து மினுமினுத்தாலோ, துளை விழுந்து வலை தெரிந்தாலோ களிம்பு தடவிக்கொண்டு உட்காராதீர்கள்.

கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்த பிறகு வாய் திறக்கவில்லை. ஆடும் பல் வேறு. (ஆம்பூர்)

பல்லை நீங்களாகப் பிடுங்கவோ, விவரம் சொல்லாமல் பக்கத்துப் பல் டாக்டரிடம் போகவோ வேண்டாம். கதிர் பட்ட தாடையில் அந்தக் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். கெட்ட பல்லைக் கரண்டுக்கு 2 வாரம் முன்பே எடுப்பது இதற்காகத்தான். வாய் திறக்க ஐஸ்கிரீம் மரக்குச்சிப் பயிற்சி: எத்தனை நுழைகிறதோ அத்தனையை அடுக்கிக் கடைவாயில் வைத்து, 30 நொடி, 5 தடவை, இப்படி நாளுக்கு 5 வேளை. சில நாளுக்கொரு குச்சி கூட்டுங்கள். இழுவை இருக்கலாம், குத்தும் வலி வந்தால் ஒன்றைக் குறைத்துவிடுங்கள்.