அந்தோனினஸ் பயஸ் என்று பெயர், ஆனால் முகம் சிறுவன் முகம்

அந்தோனினஸ் பயஸ் என்ற எழுத்தும் சிறுவன் முகமும் இருக்கிறதே, யாருடையது என்று நீங்கள் கேட்ட அந்த ரோமானிய நாணயம் பெரும்பாலும் பேரரசர் கரகல்லாவுடையது. நீங்கள் தேடிப் பார்த்த பேரரசர் அந்தோனினஸ் பயஸ் 138இல் அரியணை ஏறும்போதே ஐம்பதைத் தாண்டியவர், நாணயங்களில் தாடியோடுதான் இருப்பார், அதனால் மீசைகூட முளைக்காத முகத்தைப் பார்த்து நீங்கள் குழம்பியது நியாயம்தான்.

பெயர்க் குழப்பத்துக்குக் காரணம் கரகல்லாவின் அப்பா செப்டிமியஸ் செவரஸ். உள்நாட்டுப் போரில் ஆட்சியைப் பிடித்த அவர், எப்போதோ இறந்துபோன பேரரசர் மார்கஸ் அரேலியஸுக்குத் தன்னை மகன் என்று தானே அறிவித்துக்கொண்டு, பாசியானஸ் என்ற தன் பையனின் பெயரையும் மார்கஸ் அரேலியஸ் அந்தோனினஸ் என்று மாற்றிவிட்டார். மக்கள் மதித்த குடும்பப் பெயர் ஆயிற்றே! கரகல்லா என்பது அந்த மகன் போட்ட மேலங்கியால் வந்த பட்டப்பெயர், நாணயத்தில் தேடினால் கிடைக்காது.

சரி, எப்படி உறுதி செய்வது? விளிம்பு எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஆகுஸ்தஸ் என்பதன் சுருக்கமான ஏ, வி, ஜி மூன்றும் பயஸ் என்ற சொல்லுக்கு முன்னால் வந்தால் பொதுவாகப் பழைய அந்தோனினஸ் பயஸ், பின்னால் வந்தால் கரகல்லா.

ஒரு எச்சரிக்கை. 218 முதல் 222 வரை ஆண்ட எலகபாலஸும் இதே பெயரை வைத்துக்கொண்ட இளைஞர்தான். பின்பக்கத்தில் ஓரமாக ஒரு நட்சத்திரம் இருந்தால் அவரையும் சந்தேகிக்க வேண்டும், அதனால் பின்பக்கப் படத்தையும் போடுங்கள். எழுத்து தெரியவில்லை என்று புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள்.