சோடா மெஷின் காஸ்: லீற்றரை விடுங்கள், கிராமைப் பாருங்கள்

தங்கச்சி, உங்கள் கேள்வி போன கிழமையே கிடைத்தது. புதுக்குடியிருப்பிலிருந்து ஜேர்மனிக்கு வந்து நான்கு மாதம், வீட்டில் நான்கு பேர், எல்லோரும் சோடாத் தண்ணீர்தான் குடிக்கிறார்கள், வீட்டிலேயே தண்ணீருக்குக் காஸ் ஏற்றுகிற மெஷினுக்கு வெறும் சிலிண்டரைக் கொடுத்து மாதம் இரண்டு சிலிண்டர் மாற்றுகிறோம், ஒன்றுக்கு 9 யூரோ போகிறது, இதை எப்படிக் குறைப்பது என்று கேட்டிருந்தீர்கள். நான் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வட்டக்கச்சியில் அம்மா வீட்டில் நிற்கிறேன். சிறுபோக அறுவடை நடக்கிறது, கச்சான் காற்று முற்றத்துத் தூசியையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவருகிறது, அதனால் உடனே இருந்து எழுத முடியவில்லை. இன்று காலை வியாபாரி வந்து நெல் நிறுத்துக்கொண்டு போனார். அதைப் பார்த்தபோதுதான் உங்களுக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று பிடிபட்டது.

எங்கள் அப்பா மூட்டைக் கணக்கில் நெல் கொடுக்க ஒருநாளும் சம்மதித்ததில்லை. கிலோ என்ன விலை, தராசு எங்கே, இந்த இரண்டு கேள்விதான். சோடாக் காஸையும் நீங்கள் அப்படித்தான் பார்க்க வேண்டும். சிலிண்டரில் 60 லீற்றர் என்று போட்டிருப்பார்கள், ஆனால் அதற்குள் இருப்பது 425 கிராம் காபனீரொட்சைட்டு. 425 கிராமுக்கு 9 யூரோ என்றால் கிலோ 21 யூரோவுக்கு மேலே வருகிறது. அந்த 60 லீற்றர் என்பது இலேசாகக் காஸ் ஏற்றினால் வருகிற கணக்கு. நாக்கில் சுள்ளென்று இருக்க வேண்டும் என்று நம் வீடுகளில் பொத்தானை அமத்துகிற அமத்தலுக்கு 40 லீற்றர் வந்தாலே பெரிய விஷயம்.

ஆகவே முதலில் ஒரு குசினித் தராசு வேண்டும். புதுச் சிலிண்டரை மெஷினில் போட முன்னம் நிறுத்து, எடையை ஒரு துண்டில் எழுதிச் சிலிண்டரிலேயே ஒட்டிவிடுங்கள், முடிந்த பிறகு வெறும் சிலிண்டரையும் நிறுங்கள். வெறுமையாக ஏறக்குறைய முக்கால் கிலோ இருக்கும், ஆனால் செய்தவர்களைப் பொறுத்து மாறும் என்பதால் உங்களுடையதை நீங்களே நிறுத்துப் பார்ப்பதுதான் சரி. இரண்டுக்கும் இடையில் 425 கிராம் அளவில் வித்தியாசம் வர வேண்டும். நான் முன்பு போன ஒரு கடையில் நிரப்பித் தந்தது 370 கிராம்தான் இருந்தது. கொண்டுபோய்க் காட்டியதும் பேசாமல் மாற்றித் தந்தார்கள், அடுத்த முறையும் அதே குறைவு, அத்தோடு அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். நிறுக்காமல் இருந்திருந்தால் இன்றுவரைக்கும் அங்கேதான் போய்க்கொண்டிருப்பேன்.

அப்புறம் எங்கே மாற்றுவது என்பது. நீங்கள் மெஷின் வாங்கிய பெரிய கடையிலேயே மாற்ற வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. முன்பு ஜேர்மனியில் இந்தச் சிலிண்டர் எங்களுடையது, உங்களுக்கு வாடகைக்குத்தான் தந்திருக்கிறோம், வேறு யாரும் நிரப்பக் கூடாது என்று சோடா கிளப் நிறுவனம் (இன்றைய சோடாஸ்ட்ரீம்தான்) சொல்லிவந்தது. 2006 இல் ஜேர்மனியின் போட்டிக் கண்காணிப்பு ஆணையம் அதற்குத் தடை போட்டது, 2008 இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 2022 இல் பின்லாந்து வழக்கு ஒன்றில் ஐரோப்பிய நீதிமன்றமும், வேறு நிறுவனம் நிரப்பித் தன்னுடைய லேபிளை ஒட்டி விற்கலாம், வாங்குகிறவர்களைக் குழப்பாமல் இருந்தால் போதும் என்று சொன்னது. அதனால்தான் இன்று குடிபானக் கடைகள், சவர்க்காரம் ஷாம்பு மாதிரிச் சாமான் விற்கிற கடைகள், வீட்டுத் திருத்தச் சாமான் கடைகள் என்று எல்லா இடத்திலும் மாற்ற முடிகிறது. விலை கடைக்குக் கடை நிறைய வித்தியாசப்படும். நான் போகிற குடிபானக் கடையில் 5 யூரோ 50 சதம்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். மெஷின்களில் இரண்டு வகை இருக்கிறது. திருகிப் பூட்டுகிற பழைய வகையில் சிலிண்டர் மூடி நீலம், சொருகிப் பூட்டுகிற புது வகையில் பிங்க். ஒன்றை மற்றதில் போட முடியாது. நீல வகைக்கு மலிவாக மாற்றித் தருகிற இடங்கள் அதிகம், பிங்க் என்றால் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும்.

விலையைப் போலவே முக்கியம் தண்ணீரின் குளிர். நம் ஆட்கள் பெரும்பாலும் குழாயில் பிடித்த உடனேயே காஸ் ஏற்றுகிறார்கள், பிறகு போத்தலைக் கொண்டுபோய்க் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறார்கள். அதை மாற்றிச் செய்யுங்கள். 5 பாகைக் குளிரில் இருக்கிற தண்ணீர் 25 பாகைத் தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காஸை உள்ளே வாங்கும். சூடான தண்ணீரில் நீங்கள் அமத்துகிற காஸில் பாதி புஸ்ஸென்று வெளியே போகிறது, அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். இரவே இரண்டு போத்தல் தண்ணீரை உள்ளே வைத்துவிடுங்கள். போத்தலில் கீறியிருக்கிற கோடு வரைக்கும் நிரப்புங்கள், ஒரேயடியாக நீட்டி அமத்தாமல் சின்னச் சின்னதாக அமத்தி, நடுவில் ஒரு மூச்சு விட்டு அமத்துங்கள். எடுத்த உடனே மூடியை இறுக்கிவிட வேண்டும். நாங்கள் இதைச் செய்யத் தொடங்கிய பிறகு ஒரு சிலிண்டர் 55 லீற்றர் வரைக்கும் வந்தது, எண்ணி எழுதி வைத்துப் பார்த்ததால் சொல்கிறேன். தேசிக்காயோ, நன்னாரிப் பாகோ, பிள்ளைகளுக்கு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் குடிக்கிற கலர் சோடா மாதிரி ஏதாவதோ, எல்லாம் காஸ் ஏற்றிய பிறகுதான். முதலே கலந்தால் நுரைத்துப் பொங்கி மெஷினுக்குள் போய்விடும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இப்போது வருடம் 24 சிலிண்டர், 216 யூரோ. குளிர்ந்த தண்ணீரில் செய்தால் 18 அளவில் போதும், 5 யூரோ 50 படி பார்த்தால் 99 யூரோ. பாதிக்கும் மேலே மிச்சம். மலிவு விலைச் சுப்பர்மார்க்கெட்டில் ஒன்றரை லீற்றர் சோடாத் தண்ணீர் 30 சதத்துக்கு முன்பின் கிடைக்கும், போத்தலுக்குக் கட்டுகிற 25 சதம் திரும்பி வரும். அதனால் 9 யூரோச் சிலிண்டரோடு பார்த்தால் கடைத் தண்ணீருக்கும் உங்களுடையதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. மூன்றாம் மாடிக்குப் பெட்டி பெட்டியாகத் தூக்குகிற வேலை மட்டும்தான் மிச்சப்படுகிறது. மலிவாக மாற்றுகிற கடையைப் பிடித்தால்தான் மெஷின் வைத்திருப்பதில் காசு மிஞ்சும்.

இனிப் பெரிய சிலிண்டர். யாரோ ஒருவர் உங்கள் கணவருக்கு 10 கிலோச் சிலிண்டர் வாங்கி, வீட்டிலேயே சின்னதுகளை நிரப்பலாம் என்று சொல்லியிருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கிலோக் கணக்கில் பார்த்தால் அதை அடிக்க ஒன்றுமில்லை. நாங்கள் கடைசியாக நிரப்பியபோது 10 கிலோவுக்கு 35 யூரோ, கிலோ மூன்றரை யூரோதான். ஆனால் சிலிண்டர், இணைப்பு, குழாய் எல்லாம் வாங்க முதலில் 150 யூரோவுக்கு மேலே போடவேண்டும், 10 வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டரைப் பரிசோதிக்கவும் வேண்டும். நான்கு பேருக்கு அந்தக் காசு திரும்ப இரண்டு வருடமாவது பிடிக்கும்.

காசைவிடப் பெரியது ஆபத்து. 20 பாகையில் அதற்குள் 57 பார் அமுக்கம் இருக்கிறது, கார் ரயருக்குள் இருப்பது இரண்டரை. சின்னச் சிலிண்டரில் திரவம் முழுதாக நிறையாமல் மேலே இடம் விட்டே நிரப்ப வேண்டும், கூடிப் போய்விட்டால் கொஞ்சம் சூடேறினாலே அமுக்கம் விறுவிறென்று ஏறிவிடும். எங்கள் வீட்டில் இவர் ஒருநாள் தராசில் வைக்காமல் கைக் கணக்கில் நிரப்பினார். குசினியில் வெயில் படுகிற இடத்தில் வைத்திருந்தது, பின்னேரம் வால்வில் இருக்கிற காப்புத் தகடு வெடித்தது. அது வெடிக்கத்தான் இருக்கிறது, இல்லாவிட்டால் சிலிண்டரே வெடிக்கும். யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்கு மாமி அப்படியே நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டார், பேரப்பிள்ளையையும் தனக்குக் கீழே இழுத்துக்கொண்டு. அவர் 2009 இல் வன்னிப் போரின் கடைசிவரைக்கும் உள்ளே நின்றவர். உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அன்றோடு எங்கள் வீட்டில் கையால் நிரப்புவது நின்றது.

போர்க்காலத்தில் வன்னிக்குப் பெற்றோல் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய சனம் நாங்கள், நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து ஸ்ராட் பண்ணியவர்கள். எதையும் சமாளித்துச் செய்துவிடலாம் என்ற துணிவு நம் ஆண்களுக்கு உண்டு, அது நல்ல துணிவுதான். இந்தச் சாமானில் மட்டும் அது வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நிலவறையில் வைக்கிற யோசனையும் வேண்டாம். இந்தக் காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் மணமில்லாமல் கீழே தேங்கும், காற்றோட்டமில்லாத அறையில் ஆள் மயங்கி விழுந்துவிடும்.

ஊருக்கு வரும்போது அம்மாவுக்கு ஒரு மெஷின் கொண்டு வரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மெஷின் வரும், காஸ் நிரப்பிய சிலிண்டரை விமானத்தில் கைப்பையிலும் விடமாட்டார்கள், பெட்டியிலும் விடமாட்டார்கள். 31 பாகைக்கு மேலே போனால் அந்தத் திரவம் சிலிண்டருக்குள் திரவமாகவே நிற்காது, இங்கே இன்று நிழலிலேயே அதைவிடக் கூட. அம்மாவுக்கு வேறு ஏதாவது கொண்டு வாருங்கள்.

உங்கள் மெஷின் நீலமா பிங்கா என்று பார்த்து எழுதுங்கள். ஆவணிக் கடைசியில் திரும்பி வருவேன். வீட்டில் தராசு இரண்டு இருக்கிறது, ஒன்றை உங்களுக்குத் தருகிறேன்.