அரண்மனைக்குள் போக 2,000 ரூபாயா?

கேள்வி: கோவையிலிருந்து ஐந்து பேர் ரயிலில் காரைக்குடி வருகிறோம். அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. ஒரு பகல்தான் நேரம். வண்டி வாடகை போக 2,000 ரூபாய் தனியாகக் கொடுத்தால் கானாடுகாத்தான் அரண்மனைக்குள் கூட்டிப்போவதாக வண்டிக்காரர் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த அரண்மனை செட்டிநாட்டு ராஜா குடும்பத்தின் சொந்த வீடு. வெளியே நின்று முகப்பைப் பார்க்கலாம், அவ்வளவுதான். பணத்தை வாங்கிக்கொண்டு, சிறு கட்டணத்துக்கு யாருக்கும் திறந்திருக்கும் வேறொரு வீட்டைக் காட்டி "இதுதான் அரண்மனை" என்று முடித்துவிடுவார்கள். இங்குள்ள பெரிய வீடுகளில் பல, பங்காளிகள் எல்லோருக்கும் பொது. ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் மலேசியாவில். அவர்கள் வீட்டுக்கு அனுமதி விற்க வண்டிக்காரர் யார்? கட்டணம் வாங்கும் வீடுகளில் வாசலிலேயே வாங்குகிறார்கள். அங்கே மட்டும் கொடுங்கள். கேமராவுக்குத் தனியாக உண்டா என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். முகூர்த்த நாள்களில் வாழைமரம் கட்டி, கதவு விரியத் திறந்திருக்கும். நகரத்தார், அதாவது இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்கள், கல்யாணத்தைச் சொந்த ஊர் வீட்டில் நடத்துவது வழக்கம். திறந்திருக்கிறதே என்று நுழைந்துவிடாதீர்கள். வளவில், அதாவது உள்முற்றத்தில், சடங்கு நடந்துகொண்டிருக்கும். வாசலில் நிற்கும் பெரியவரிடம், "ஐயா, முகப்பு வரைக்கும் பார்த்துக்கலாமா?" என்று கேளுங்கள். சரி என்றால் முகப்போடு நின்றுவிடுங்கள். உள்ளே இரண்டாம் கட்டுப் பக்கம் போக வேண்டாம். வழக்கமாகக் கட்டணத்துக்குத் திறக்கும் வீடும் அன்று மூடியிருக்கலாம். சினிமா ஷூட்டிங் நடந்தாலும் அப்படியே. அதனால் முந்தின நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏற்றினால் போதுமா? எந்த வீடு எப்போது திறக்கும், என்ன கட்டணம் என்று ஸ்டேஷனிலேயே ஒரு பலகை வைக்க எத்தனை வருஷம் வேண்டும்? அது இல்லாத இடத்தில்தான் தரகர் முளைக்கிறார்.

அடுத்த பொறி வண்டி வாடகை. வெளியூர்க் கணக்கில், ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் என்று போடுவார்கள். பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் போய்த் திரும்ப 70 கிலோமீட்டர்தான் வரும். "லோக்கல் வாடகை, 8 மணி நேரம், 80 கிலோமீட்டர்" என்று கேளுங்கள். டிரைவர் பேட்டா, கூடுதல் மணிக்கு எவ்வளவு என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். கிளம்பும்போது மீட்டரைப் போட்டோ எடுங்கள். அம்மா இருப்பதால் பஸ் வேண்டாம். ஆத்தங்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் நடுவே காத்திருந்தே பகல் போய்விடும்.

காலையில் முதலில் பிள்ளையார்பட்டி. மதியம் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். குடைவரைக் கோயில்தான், மலையேற வேண்டாம். குன்றக்குடியில் படி ஏற வேண்டும், விட்டுவிடுங்கள். சங்கடஹர சதுர்த்தியன்று வராதீர்கள். பிறகு ஆத்தங்குடி. கண்ணாடி மேல் சாயம் ஊற்றி, சிமெண்ட் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்துத் தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்வதைப் பட்டறையில் பார்க்கலாம். பழைய சாமான் கடைக்கு வண்டி தானாகத் திரும்பினால், கமிஷன் உங்கள் பில்லில் ஏறும் என்று அர்த்தம், இறங்காதீர்கள். மதியச் சாப்பாட்டை கானாடுகாத்தானில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நினைத்த நேரத்தில் கிடைக்காது.

வீடுகளில் செருப்பைக் கழற்ற வேண்டும். அம்மா சாக்ஸ் போட்டிருந்தால் அதையும் கழற்றச் சொல்லுங்கள். தேய்ந்து வழவழவென்றிருக்கும் கல் தரையில் சாக்ஸ் வழுக்கும். நிலைப்படிகள் உயரமானவை; ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.