நான்கு மாதப் பெண் முயல் சினையாகிவிட்டது. பின்னாளில் அதன் உடல்நலம் கெடுமா?

சிக்கலில்லாமல் ஈன்று, நன்றாகத் தின்று தேறிவிட்டால் ஒரே ஒரு ஈத்தினால் ஆயுள் முழுக்கத் தொடரும் பாதிப்பு பெரும்பாலும் வராது. ஆபத்து இருப்பது ஈனும் நேரத்திலும், உடனே அடுத்த சினை பிடிப்பதிலும்தான்.

சிறிய இன முயல்கள் 4 மாதத்திலேயே சினைப்பிடிக்கும், ஆனால் எலும்பு வளர்ந்து முடிந்திருக்காது. சினைக்காலம் 30 முதல் 32 நாள். குட்டிகள் வேகமாகப் பெருப்பது கடைசி 10 நாளில். அப்போதும், பிறகு பால் கொடுக்கும் வாரங்களிலும் தாயின் வளர்ச்சிக்கு வேண்டிய புரதமும் சுண்ணாம்புச்சத்தும் குட்டிகளுக்குப் போய்விடும். அதனால் பெல்லட் தீவனமும் (கடையில் கிடைக்கும் குச்சித் தீவனம்) குதிரைமசால் உலர்புல்லும் அளவில்லாமல் வையுங்கள், தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். முதுகைத் தடவும்போது தண்டெலும்பு முனைகள் கூராகத் தட்டுப்பட்டால் தீவனம் போதவில்லை.

இளம் முயலின் இடுப்பு குறுகல். பொதுவாக அரைமணி நேரத்துக்குள் எல்லாக் குட்டிகளும் வந்துவிடும். முக்கிக்கொண்டே இருந்தும் குட்டி வரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், அது அவசர சிகிச்சைக்குரியது. உள்ளே தங்கிவிடும் குட்டியும் நஞ்சுக்கொடியும் கருப்பையில் சீழ் பிடிக்க வைக்கும். நாள்பட்ட பாதிப்பு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. ஈன்ற பின் நாற்றமுள்ள கசிவு, சூடாக வீங்கி நீலம்பாரித்த மடி, 12 மணி நேரமாகத் தீனி தொடாமல் புழுக்கையும் போடாமல் இருப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஈனுவதற்கு முந்தைய வாரத்தில் தீனியை நிறுத்தினாலும் அப்படித்தான். தீனி இல்லாமல் உடல் தன் கொழுப்பைக் கரைக்கும்போது உண்டாகும் கீட்டோன் என்ற பொருள் ரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆண் முயலை இன்றே வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். ஈன்ற சில மணி நேரத்திலேயே பெண் முயல் மறுபடி சினைப்பிடிக்கும். வளராத உடம்பு ஒரு பக்கம் பால் சுரந்துகொண்டு இன்னொரு பக்கம் அடுத்த ஈத்தையும் சுமந்தால் உருக்குலைந்துவிடும். ஆணுக்குக் கருத்தடை செய்தாலும் 6 வாரம் வரை விந்தணு இருக்கலாம், அதுவரை சேர்க்க வேண்டாம்.

தாய் ஒரு நாளைக்கு ஓரிரு முறை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும். மற்ற நேரம் குட்டிகள் இருக்கும் பெட்டிப் பக்கமே வராது, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். குட்டியின் வயிறு உருண்டு, தோல் வழியே வெள்ளையாகப் பால் தெரிந்தால் போதும்.

குட்டிகள் 8 வாரத்தில் பால் மறந்து, தாயின் மடி வற்றியதும் கருத்தடை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிடுங்கள். கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு 3, 4 வயதுக்குப் பிறகு கருப்பைப் புற்றுநோய் வருவது மிகச் சகஜம். ஒருமுறை ஈன்றதால் அது வராது என்று நம்ப முடியாது. என்னைக் கேட்டால், இந்த முயலின் பிற்கால நலனுக்கு முதல் ஈத்தைவிட இந்த அறுவை சிகிச்சைதான் முக்கியம்.

குட்டிகளையும் 10 வாரத்தில் ஆண், பெண் பார்த்துப் பிரித்து வையுங்கள். தாமதித்தால் அண்ணன் தங்கைக்குள்ளேயே சினைப்பிடித்துவிடும்.