மகன் வேலை பார்க்கும் ரிக் நிறுவனத்தின் பங்கை வாங்கலாமா?

கேள்வி: கோத்தகிரி அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். தனியார் தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்து, வரும் மாதம் 58 வயதில் ஓய்வு பெறுகிறேன். வைப்பு நிதி, பணிக்கொடை எல்லாம் சேர்த்து 23 லட்சம் ரூபாய் வரும். ஒன்றரை ஏக்கர் தோட்டம் உண்டு. மகன் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் ஆழ்கடல் துளையிடும் கப்பலில் வேலை செய்கிறான். அந்த நிறுவனம் அமெரிக்கச் சந்தையில் பட்டியலானது. அதன் முதலீட்டாளர் அறிக்கையையும், ரிக் (கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை அல்லது கப்பல்) ஒவ்வொன்றும் யாரிடம் எதுவரை வாடகையில் என்று காட்டும் நிலவரப் பட்டியலையும் அனுப்பியிருக்கிறான். இருபது ரிக்குகள், பெரும்பாலும் ஏழாம் தலைமுறைக் கப்பல்கள், சந்தையில் உள்ளவற்றில் 94 சதவீதம் வாடகையில், இன்னொரு நிறுவனத்தை இணைத்துக்கொண்டு வளரும் திட்டம் என்று இருக்கிறது. பங்கு விலை பழைய உச்சத்தில் பாதிதான். புதிய ஒப்பந்தம் ஒன்று கைக்கு வந்துவிட்டதாகவும் இன்னும் அறிவிக்கவில்லை என்றும் கப்பலில் பேசிக்கொள்கிறார்களாம். எட்டு லட்சம் போடலாமா? இரண்டு அறிக்கைகளையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: வேண்டாம் ஐயா. எட்டு லட்சம் வேண்டவே வேண்டாம். ஆனால் ஒரு சொல்லில் முடித்துவிட்டால் நாளைக்கே உங்கள் மகன் தொலைபேசியில் உங்களை மடக்கிவிடுவார். நீங்கள் அனுப்பிய தாள்களைப் படித்தேன், காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 94 சதவீதம். நிலவரப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் நான்கு ரிக்குகளின் பெயருக்கு எதிரே வாடகையும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை. ஊழியர்களை இறக்கிவிட்டு, இயந்திரங்களை மூடி, ஏதோ ஒரு துறைமுகத்தில் நீண்ட உறக்கத்தில் விடப்பட்டவை அவை. இந்தத் தொழிலில் இப்படி உறங்குகிற ரிக்குகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மீதியைத்தான் ‘சந்தையில் உள்ளவை’ என்பார்கள். ஆக, பதினாறில் பதினைந்து வாடகையில் இருக்கிறது, அதுதான் 94 சதவீதம். இருபதில் பதினைந்து என்று பார்த்தால் 75. பொய் எதுவும் இல்லை, எல்லா நிறுவனங்களும் இப்படித்தான் கணக்குச் சொல்கின்றன. உறங்குகிற கப்பலை எழுப்பப் பல கோடி டாலர் ஆகும், பத்துக் கோடி டாலரைத் தொட்டதும் உண்டு. அந்தச் செலவை ஈடுகட்டும் ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் அவை பழைய இரும்புக்குப் போகும். ஆகவே இருபது ரிக் என்ற எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை.

ரிக் எல்லாம் ஒரே சரக்கும் அல்ல. கால்களைக் கடலடியில் ஊன்றி நிற்கும் ஜாக்-அப் ரிக் சுமார் 400 அடி ஆழம் வரையுள்ள கடலுக்கு மட்டும் உதவும். மும்பை ஹை வயலில் ஓ.என்.ஜி.சி. டெண்டர் விட்டு வாடகைக்கு எடுப்பவை பெரும்பாலும் இவைதான். 1974-இல் அங்கே எண்ணெயைக் கண்ட ‘சாகர் சாம்ராட்’டும் இந்த வகைதான். உங்கள் மகன் இருப்பது டிரில்ஷிப். நங்கூரம் போடாமல், செயற்கைக்கோள் காட்டும் இடத்தில் உந்திகளின் பலத்தாலேயே அசையாமல் நின்று, 12,000 அடி நீருக்குக் கீழேயும் துளையிடக்கூடியது. பிரேசில், மெக்சிகோ வளைகுடா, மேற்கு ஆப்பிரிக்கா என்று ஆழ்கடல் வயல்கள் இருக்கும் இடமெல்லாம் இதற்கு வேலை. அந்த வகையில் நிறுவனத்தின் சரக்கு நல்ல சரக்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சரக்கு நன்றாக இருந்தால் பங்குதாரருக்கும் நன்றாக இருக்கும் என்று நினைப்பதில்தான் வில்லங்கம். 2014 ஜூனில் பிரென்ட் கச்சா எண்ணெய் பீப்பாய் 115 டாலர். 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே. அதற்கு முந்தைய ஆண்டுகளில், நாளுக்கு ஆறு லட்சம் டாலர் வாடகை கிடைத்த மயக்கத்தில், ரிக் நிறுவனங்கள் வாடிக்கையாளர் இல்லாமலேயே கடன் வாங்கிக் கொரியக் கப்பல் தளங்களில் புதுக் கப்பல்களுக்கு வரிசையாக ஆர்டர் கொடுத்திருந்தன. எண்ணெய் நிறுவனங்கள் செலவைச் சுருக்கியதும் வாடகை இரண்டு லட்சத்துக்கும் கீழே போனது, கடன் அப்படியே நின்றது. 2020-இல் கொரோனாவும் சேர்ந்துகொள்ள, டயமண்ட் ஆஃப்ஷோர் ஏப்ரலில், நோபிள் ஜூலையில், வாலாரிஸ் ஆகஸ்டில் என்று அமெரிக்கத் திவால் நீதிமன்றத்தில் போய் நின்றார்கள். சீட்ரில் 2017-இல் ஒரு முறை போய் வந்து, 2021-இல் மறுபடியும் போனது.

அந்தக் கப்பல்கள் எதுவும் மூழ்கிவிடவில்லை. நிறுவனங்களின் பெயரும் அப்போது அழியவில்லை. கடன் கொடுத்தவர்கள் கடனுக்கு ஈடாகப் பங்குகளை எடுத்துக்கொண்டு புதிய முதலாளிகள் ஆனார்கள். பழைய பங்குதாரர்கள்தான் துடைத்தெறியப்பட்டார்கள். சீட்ரில் 2022-இல் திவாலிலிருந்து வெளியே வந்தபோது பழைய பங்குதாரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துக் கிடைத்தது புதிய நிறுவனத்தில் கால் சதவீதம். பின்னால் அந்த நிறுவனங்கள் லாபம் காட்டின என்றால், அந்தப் பழைய பங்குதாரர்களின் பணத்தில் கடன் கழிந்ததும் ஒரு காரணம். அறிக்கைகளில் ‘வலுவான இருப்புநிலை’ என்று பெருமையாகப் போடும்போது இதை யாரும் அடிக்குறிப்பாகக்கூடப் போடுவதில்லை.

நம் ஊர்க் கதையும் ஒன்று உண்டு. சென்னையின் அபான் ஆஃப்ஷோர் 2006-இல் நார்வேயின் சின்வெஸ்ட் நிறுவனத்தைப் பெரும் கடன் வாங்கிக் கைப்பற்றியது. 2008 ஜனவரியில் பங்கு விலை ஐயாயிரம் ரூபாயைத் தாண்டியது. 2010 மே மாதம் அதன் ‘அபான் பேர்ல்’ ரிக் வெனிசுவேலா கடலில் மூழ்கியது. நல்லவேளையாக அதிலிருந்த 95 பேரும் உயிர் பிழைத்தார்கள். அதன் பிறகு வாடகைச் சரிவும் கடனும் சேர்ந்து பங்கை இரண்டு இலக்க விலைக்கு இறக்கிவிட்டன. ‘உச்சத்தில் பாதி விலை’ என்று இரண்டாயிரத்து ஐந்நூறில் வாங்கியவர்களும் உண்டு. விலை பாதியானதால் மட்டும் ஒரு பங்கு மலிவாகிவிடாது.

இதை உங்களுக்கு நான் விளக்கவே தேவையில்லை. தொண்ணூறுகளில் பச்சைத் தேயிலைக்கு நல்ல விலை கிடைத்தபோது உருளைக்கிழங்கும் கோசும் போட்ட நிலத்தில்கூடத் தேயிலை நட்டார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில் விலை சரிந்தபோது செடியைப் பிடுங்கவும் முடியவில்லை, கொழுந்தை விற்றுக் கட்டுப்படியாகவும் இல்லை. ரிக் தொழிலும் இதே சுழற்சிதான். ஒரு வித்தியாசம்: விலை இல்லாத காலத்திலும் செடி மழையைக் குடித்துத் தளிர்க்கும். வாடகை இல்லாத கப்பலோ, ஆட்களுடன் தயார் நிலையில் நிறுத்தி வைத்தால், நாள்தோறும் பல பத்தாயிரம் டாலரைத் தின்னும்.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் வாடகை நான்கரை லட்சம் டாலர். கப்பலை ஓட்டும் செலவு ஒன்றரை லட்சம். கடன் வட்டி, தலைமையகச் செலவு வகையில் அந்தக் கப்பலின் பங்கு ஒன்றே கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, 1.2 லட்சம் என்று வையுங்கள். மிச்சம் 1.8 லட்சம். அடுத்த ஒப்பந்தத்தில் வாடகை 20 சதவீதம் குறைந்து 3.6 லட்சம் ஆனால் மிச்சம் 0.9 லட்சம். வாடகை ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது, பங்குதாரருக்கு மிஞ்சுவது பாதியாகிவிட்டது. இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே மூன்று மாதம் சும்மா நின்றால் அந்தப் பாதியும் கரைந்துவிடும். ஐந்தாண்டுக்கு ஒரு முறை கட்டாயப் பரிசோதனைக்காகக் கப்பலை நிறுத்த வேண்டும், அந்த நாள்களுக்கும் வாடகை கிடையாது.

அதனால் நிலவரப் பட்டியலில் நான் முதலில் தேடுவது ஒப்பந்தம் முடியும் தேதியைத்தான். உங்கள் தாளில் வாடகையில் உள்ள பதினைந்தில் ஏழு ரிக்குகளின் ஒப்பந்தம் அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்குள் முடிகிறது. பக்கத்தில் வெளிர் நிறத்தில் நீளும் பட்டை ஒப்பந்தம் அல்ல. வாடிக்கையாளர் விரும்பினால் நீட்டிக்கலாம் என்ற உரிமை மட்டும்தான். எண்ணெய் விலை விழுந்தால் யாரும் விரும்பமாட்டார்கள். கையெழுத்தான ஒப்பந்தமும் கல்லில் வெட்டியது அல்ல. 2024 ஜனவரியில் சவுதி அரசு உற்பத்தித் திறனை உயர்த்தும் திட்டத்தைக் கைவிடச் சொன்னதும், அந்நாட்டு அரசின் எண்ணெய் நிறுவனமான அராம்கோ இருபதுக்கும் மேற்பட்ட ஜாக்-அப் ரிக்குகளை நிறுத்தி வைத்தது. ஒப்பந்தத்திலேயே அதற்கு இடம் இருந்தது. முந்தைய நாள் வரை அந்த வருமானமெல்லாம் ‘உறுதியான ஒப்பந்தக் கையிருப்பு’ என்ற தலைப்பில் அறிக்கைகளில் உட்கார்ந்திருந்ததுதான்.

வளர்ச்சித் திட்டம் பற்றி. இப்போது யாரும் புதுக் கப்பலுக்கு ஆர்டர் கொடுப்பதில்லை, அது நல்ல அறிகுறி. ஒருவரை ஒருவர் வாங்கித்தான் வளர்கிறார்கள். நோபிள் 2022-இல் மேர்ஸ்க் டிரில்லிங்கையும் 2024-இல் டயமண்டையும் சேர்த்துக்கொண்டது. ஆர்டர் கொடுத்துவிட்டு யாரும் எடுக்காமல் கொரியத் தளத்தில் நின்ற இரண்டு கப்பல்களை வாலாரிஸ் 33.7 கோடி டாலருக்கு எடுத்தது. அந்த உச்சக் காலத்தில் ஒரு கப்பலே அதைவிட அதிக விலை. இப்படி மலிவாக வாங்குவது புத்திசாலித்தனம். உங்கள் மகனின் நிறுவனம் இணைப்புக்குப் பணம் எங்கிருந்து தருகிறது என்று பார்த்தேன்: கொஞ்சம் புதிய பங்கு, மீதி கடன் பத்திரம். கடன் என்று வந்ததும் என் பேனா நின்றுவிடுகிறது.

புதிய ஒப்பந்தம் பற்றிய அந்தப் பேச்சுக்கு வருகிறேன். அது வெறும் புரளி என்றால் அதை நம்பிப் பணம் போடக் கூடாது. உண்மை என்றால், வெளியாகாத தகவலை ஊழியரிடமிருந்து அறிந்து பங்கு வாங்குவது அமெரிக்கச் சட்டப்படி உட்தகவல் வணிகக் குற்றம். சொன்னவருக்கும் வாங்கியவருக்கும் சிக்கல்; வேலையும் போகும். நீங்கள் எனக்குக் கடிதத்தில் எழுதியதுபோல் இதை வாட்ஸாப்பில் எழுத வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள், கப்பல் பேச்சைக் கப்பலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னது எந்த முதலீட்டாளருக்கும் பொருந்தும். உங்களுக்கு மட்டும் பொருந்துவது ஒன்று இருக்கிறது, என் மறுப்புக்கு அதுதான் முக்கியக் காரணம். உங்கள் வீட்டின் பெரிய வருமானம் ஏற்கெனவே ஒரு டிரில்ஷிப்பில் இருக்கிறது. கப்பலை உறங்கப் போட்டால் முதலில் இறக்கிவிடப்படுவது ஊழியர்கள். பங்கு விலை விழுவதும் அதே வாரம்தான். மகன் வேலை இழந்து வீட்டுக்கு வந்து நிற்கும் நாளில், அவருக்குக் கைகொடுக்க வேண்டிய உங்கள் எட்டு லட்சமும் இரண்டு லட்சமாகிக் கிடக்கும். மகன் வேறு துறையில் இருந்திருந்தால் இவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

அப்படியானால் 23 லட்சத்தை என்ன செய்வது? 15 லட்சத்தைக் கோத்தகிரி அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 60 வயது ஆகவில்லையே என்று தயங்க வேண்டாம். 55 முடிந்து ஓய்வு பெற்றவர்கள் ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இதில் சேரலாம். 2023 ஏப்ரலில் நிர்ணயித்த 8.2 சதவீத வட்டிப்படி ஆண்டுக்கு 1,23,000 ரூபாய், காலாண்டுக்கு 30,750. சேரும் நாளின் வட்டி விகிதம் ஐந்தாண்டுக்கும் மாறாது. மூன்று லட்சத்தை வங்கியில் வைப்பு நிதியாக, எப்போது வேண்டுமானாலும் உடைக்கிறமாதிரி வையுங்கள். கொழுந்து விலை இறங்கும் மாதங்களுக்கும், மகனுக்கு ஒப்பந்தம் இல்லாத மாதங்களுக்கும் அதுதான் துணை. மீதி ஐந்து லட்சத்தை, ஏழெட்டு ஆண்டு தொடமாட்டீர்கள் என்றால், நிஃப்டி குறியீட்டு நிதியில் (நாட்டின் ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளைச் சேர்த்து வாங்கும் பரஸ்பர நிதி) மாதாமாதம் பிரித்துப் போடலாம். எரிசக்தி நிறுவனங்கள் அதிலேயே போதுமான அளவு இருக்கின்றன.

மகன் மனம் கோணக் கூடாது என்று ஒரு சிறு தொகை போட்டே தீருவேன் என்றால், ஐம்பதாயிரத்துக்கு மேல் வேண்டாம். வெளிநாட்டுப் பங்கு வாங்க ஓர் ஆண்டில் பத்து லட்சத்துக்குக் கீழே அனுப்பும் பணத்துக்கு வங்கி முன்கூட்டி வரி பிடிக்காது. ஆனால் ஒரே ஒரு வெளிநாட்டுப் பங்கு வைத்திருந்தாலும் வருமான வரிக் கணக்குக்கான எளிய ஐ.டி.ஆர்.-1 படிவம் உங்களுக்குச் செல்லாது, ஐ.டி.ஆர்.-2 படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டும். அதை விட்டுவிட்டால் வருமான வரித்துறையிடமிருந்து நோட்டீஸ் வரலாம். ஐம்பதாயிரம் ரூபாய்ப் பங்குக்கு ஆண்டுதோறும் ஆடிட்டருக்குக் கொடுக்கும் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலை உங்கள் பணத்தைப் பகுதி பகுதியாகத் தந்தால், ஒவ்வொரு தொகையும் எந்தத் தேதியில் வந்தது என்பதற்கான சான்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அஞ்சலகத்தில் அதையும், நீங்கள் ஓய்வு பெற்றதற்கான கடிதத்தையும் கேட்பார்கள்.