கூட்டக்குறிப்பில் கொக்கு எதற்கு?

அன்புள்ள சேர்,

பாடசாலைக் காலத்திலிருந்து உங்கள் எழுத்துகளை வாசித்து வருகிறேன். சம்மாந்துறைப் பக்கம் ஒரு அலுவலகத்தில் வேலை. விவசாயிகளோடு நடக்கும் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. நாவல், சிறுகதை தவிர வேறு எதையும் நான் ஒழுங்காக வாசித்ததில்லை. போன வருசம் முதன்முறையாக ஒரு கதை எழுதி நண்பரிடம் கொடுத்தேன். "இது கதை இல்லடா, ரிப்போட்" என்றார். அதே கிழமை என் கூட்டக்குறிப்பைப் பார்த்த மேலதிகாரி, "என்ன தம்பி, கதை எழுதியிருக்கிறீரா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். இரண்டையும் இத்துடன் அனுப்புகிறேன்.

கவிதை, கட்டுரை, வரலாறு, விமர்சனம், பயணக் கட்டுரை என்று எல்லாவற்றையும் வாசிக்க வேண்டும் என்கிறார்கள். அப்படி வாசித்தால் ஒன்றின் பழக்கம் இன்னொன்றைக் கெடுத்துவிடாதா? ஒன்றையே பிடித்துக்கொண்டு போவது நல்லதா? வாசிப்பதென்றால் ஒவ்வொன்றையும் எப்படி வாசிப்பது? என் மூத்தம்மா பேச்சுக்குப் பேச்சு கவி சொல்வா. எனக்கு அதில் ஒரு வரியும் வராது. அதுவும் ஒரு கவலை.

(பெயர் வேண்டாம் சேர்)
சம்மாந்துறை

அன்புள்ள தம்பி,

கூட்டக்குறிப்பைத்தான் முதலில் வாசித்தேன். கதையைவிட அது எனக்குப் பிடித்தது. உங்கள் மேலதிகாரி சிரித்த வரி எதுவென்று ஊகிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. "கடைக்கண்டங்களில் சேறு வெடித்துக் கிடப்பதாகவும் கொக்குக்கூட அங்கு இறங்குவதில்லை எனவும் விவசாயி ஒருவர் தெரிவித்தார்." வட்டையில் (வயல்வெளியில்) கால் வைத்தவன் எழுதிய வரி. தண்ணீர் இல்லையென்றால் புழு இல்லை, மீன்குஞ்சு இல்லை, கொக்குக்கு அங்கே என்ன வேலை? ஆனாலும் அவர் சிரித்ததில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எல்லோர் முன்னாலும் சிரித்ததில் இல்லை.

அந்தக் குறிப்பு எதற்காக எழுதப்படுகிறது என்று பாருங்கள். சிறுபோக ஆரம்பக் கூட்டம். எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது, தண்ணீர் எப்போது திறப்பது, எத்தனை மாத நெல் போடுவது, மாடுகளை வட்டையிலிருந்து எப்போது அப்புறப்படுத்துவது என்றெல்லாம் அங்கே முடிவாகும். இரண்டு மாதம் கழித்து ஒருவருடைய மாடு இன்னொருவருடைய வேளாண்மையில் வாய் வைத்தால், இரண்டு பேரும் தேடி வருவது உங்கள் குறிப்பைத்தான். சண்டைக்கு நடுவில் வைக்கும் கடதாசி அது. இரண்டு பக்கத்தாரும் அதை ஒரே மாதிரி வாசிக்க வேண்டும். சேனாநாயக்க சமுத்திரக் குளத்தில் திறந்த தண்ணீர் கடைசி வாய்க்காலுக்கு வந்து சேரவில்லை என்று ஒரு மனிதர் எழுந்து நின்று சொல்கிறார். எந்த வாய்க்கால்? எத்தனை ஏக்கர்? எத்தனை நாளாக? மூன்றில் ஒன்றும் உங்கள் குறிப்பில் இல்லை. கொக்கு இருந்துவிட்டுப் போகட்டும், ஏக்கர் எங்கே?

சரி, கதைக்கு வருவோம். அதிலும் அதே கிழவர் வருகிறார். "தனது மனவேதனையை வெளிப்படுத்தினார்" என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் தள்ளி, "அதிகாரிகளால் உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என உறுதியளிக்கப்பட்டது." யார் உறுதியளித்தார்? கிழவரின் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, வாகனத்தில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னாரா? இந்த 'பட்டது' கூட்டக்குறிப்பில் ஒரு மரியாதை. சத்தம் போட்டவரின் பெயரை விட்டுவிட்டு, சத்தத்துக்கான காரணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். நாளைக்கு அவரும் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையும் ஒரே தேத்தண்ணிக் கடையில் இருக்க வேண்டுமே. கதையில் அதே 'பட்டது' வந்தால் ஆள் ஒளிந்துகொள்கிறார். அந்த ஆளைப் பார்க்கத்தானே நாங்கள் கதைக்கு வந்தோம்? உங்கள் கதையில் கொக்கு இல்லை, தம்பி. அது கூட்டத்துக்குப் போய்விட்டது.

ஒன்று இன்னொன்றைக் கெடுக்குமா என்று கேட்டீர்கள். என் அனுபவத்தில் கெடுக்காது. எழுத்தில் ஒவ்வொரு வகையும் யாரோ ஒருவருக்கு ஏதோ ஒரு வேலை செய்து கொடுக்கிறது. யாருக்கு, என்ன வேலை என்று கேட்காமல் வாசித்தால் அதன் நடை மட்டும் கையில் ஒட்டிக்கொள்ளும். பலாப்பழத்துப் பால் மாதிரி, பிறகு எதைத் தொட்டாலும் அதுதான். நானே பட்டவன்.

எங்கள் பெத்தா (பாட்டி) கண் மூடியபோது எனக்கு முப்பது வயது இருக்கும். ஒன்றிரண்டு கவிதை பத்திரிகையில் வந்து தலை கொஞ்சம் கனத்திருந்த காலம். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும். "எழுதுறவன் நீதானே" என்று மாமா என் தலையில் போட்டார். வழக்கமாக அதில் தேவாரம் இருக்கும், வம்சவழி இருக்கும், முதல் பக்கத்தில் திதி வெண்பா இருக்கும். நாலே அடிக்குள் ஆண்டின் பெயர், மாதம், பட்சம், திதி, இறந்தவர் பெயர் எல்லாம் வந்து, அவர் இறைவனடி சேர்ந்ததும் வந்துவிட வேண்டும். எனக்கு அது பழங்காலத்துக் கைவேலையாகத் தெரிந்தது. அதைத் தூக்கிவிட்டு, பெத்தாவின் வெற்றிலை உரலைப் பற்றி நாலு பக்கத்துக்குப் புதுக்கவிதை போட்டேன்.

அன்றைக்குச் சாப்பாடு முடிந்து எல்லோரும் திண்ணையில் இருந்தோம். வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். பெத்தாவுக்குத் தம்பி முறை. அப்போது மண்முனையில் பாலம் கிடையாது. வாவியைப் பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டும் (பாதை என்றால் இங்கே மிதவை, வெளியூர் வாசகர்கள் குழம்ப வேண்டாம்). அவர் மலரை முன்னும் பின்னும் புரட்டினார். நாலு பக்கத்தையும் பொறுமையாக வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "நல்லாத்தான் எழுதியிருக்காய் மகன். மறுகா, திதி என்னெண்டு போடல்லையே? அடுத்த வருசம் நாங்க எப்ப வாற?"

எனக்கு வாய் எழும்பவில்லை. துக்கத்தை ஒப்பாரி பார்த்துக்கொள்ளும். அந்த வேலையை முதல் நாளே எங்கள் வீட்டுப் பெண்கள் என்னைவிட நன்றாகச் செய்து முடித்திருந்தார்கள். வெண்பாவுக்கு இருந்தது வேறு வேலை. வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு கிழவருக்கு அடுத்த வருடம் பாதை ஏற வேண்டிய நாளைச் சொல்வது. கடதாசி தொலைந்தாலும் மனதில் நிற்க வேண்டும் என்றுதான் அதைச் செய்யுளில் வைத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு யாப்புப் படித்து, பலருக்கும் திதி வெண்பா எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதிலும் ஒரு சுகம் உண்டு. 'கார்த்திகை' கூவிளம். வெண்பாவில் விளச்சீரை அடுத்து வரும் சொல் நேரசையில் தொடங்க வேண்டும். பூர்வபக்கத்தில் (வளர்பிறையில்) போனவர் என்றால் பிரச்சினை இல்லை, 'பூர்வ' நேரில் தொடங்கும். 'அபரபக்கம்' நிரையில் தொடங்கித் தளையைத் தட்டிவிடும். ஒரு இரவு முழுக்க மல்லுக்கட்டி, விடியும்போதுதான் 'தேய்பிறை' என்று போடலாமே என்று தோன்றியது. வெற்றிலை உரல் கவிதை எழுதிய காலத்தில் ஒரு சொல்லுக்காக நான் அப்படி விழித்திருந்ததில்லை.

வாசிப்பதிலும் இதே தவறைச் செய்திருக்கிறேன். வைகாசியில் எங்கள் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் அவள் கதையைச் சொல்லும் வழக்குரை பாடுவது ஒலிபெருக்கியில் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். சிலப்பதிகாரத்தில் வருகிற அதே கண்ணகிதான். காப்பியத்தில் மதுரை எரிகிறது, கண்ணகி விண்ணேறுகிறாள், சேரன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து கோயில் எடுக்கிறான். எங்கள் கோயிலில் அந்தக் கோபத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. எரிந்தவளைக் குளிர்த்தி பாடிக் குளிர வைத்துத்தான் சடங்கு முடியும். ஊர் நாளைக்கும் அங்கேதான் இருக்கப்போகிறது. அம்மை வரக் கூடாது, மழை வர வேண்டும்.

மாணவனாக இருந்த காலத்தில் ஒரு கட்டுரையில், குளிர்த்திப் பாடல்கள் கூறியது கூறும் குற்றமுடையவை என்று எழுதி வைத்தேன். காப்பியம் வாசித்த கண்ணோடு சடங்குப் பாட்டுக்குப் போனதால் வந்த புத்தி. திரும்பத் திரும்ப வருகிற அடிகள் கடதாசியில் சலிப்புத்தான். கோயில் வாசலில், வேப்பிலை வாசத்துக்கு நடுவில், கைகூப்பி நிற்கும் கூட்டத்தோடு நின்று கேட்டுப் பாருங்கள். அந்தத் திரும்பல்தான் சூட்டை இறக்குகிறது. பிள்ளையின் காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணியை ஒரே ஒரு தடவை வைத்துவிட்டு எழும்பி வருவோமா?

வரலாறு பற்றிக் கேட்டீர்கள். 1962இல் எவ்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கணக்கைச் சரிபார்க்கிற நோக்கத்தோடு போனால் பாதியில் மூடிவிடுவீர்கள். எந்தக் குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) எந்தக் கோயிலில் என்ன முறை, யாருக்கு என்ன வரிசை என்று கேட்டுக்கொண்டு வாசித்தால் அது வாய் திறக்கும். உங்கள் கூட்டக்குறிப்பு மாதிரித்தான், யாரோ ஒருவர் தன் உரிமைக்கு ஆதாரமாக நடுவில் வைப்பதற்கு எழுதியது. அப்படி வாசித்தால் எழுதியவர் எதை அழுத்திச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் நகர்கிறார் என்பதும் பிடிபடும்.

விமர்சனத்தை, மூல நூலை வாசித்த பிறகு வாசியுங்கள். பயணக் கட்டுரையில் எழுதியவர் யார் வீட்டில் தங்கினார், எங்கே சாப்பிட்டார் என்பது இல்லாவிட்டால் நம்பாதீர்கள். இவை இரண்டுக்கும் இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஒன்றையே பிடித்துக்கொண்டு போவதா என்ற கேள்விக்கு உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைச் சொல்கிறேன். 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். மல்லிகைப் பாட்டை நாங்கள் எல்லோரும் பேச்சுப் போட்டிகளில் ஒப்புவித்திருக்கிறோம். அவர் விஞ்ஞானம் கற்பித்தவர் என்பது அந்த மேடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. 1947 ஜூனில் அரங்கேறிய அவருடைய 'யாழ் நூல்' சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதையைப் பண்டிதராக வாசிக்கிறது, அதே கையோடு சுருதிகளைக் கணக்கும் போடுகிறது. மறைந்துபோன ஒரு கருவியைப் பற்றிச் செய்யுளிடம் கேட்க வேண்டியதைச் செய்யுளிடமும், எண்ணிடம் கேட்க வேண்டியதை எண்ணிடமும் கேட்ட நூல். அரங்கேறிய அடுத்த மாதமே அவர் போய்விட்டார். அவருக்குச் சிலை வைத்து மாலை போடுகிறோம், அந்தக் கணக்குப் பக்கங்களைப் புரட்டுகிறவர் குறைவு. நானும் ஐம்பது வயதுக்குப் பிறகுதான் புரட்டினேன், அதுவும் ஒரு கணித ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

அதற்காக எல்லாவற்றையும் வாசிக்கக் கிளம்ப வேண்டாம். எல்லாவற்றையும் வாசி என்று சொல்கிறவர்கள் எல்லாவற்றையும் வாசித்ததை நான் பார்த்ததில்லை. ஒரு போகத்துக்குப் பழக்கமில்லாத வகை ஒன்று போதும். அதில் ஒரு பக்கத்தைக் கொப்பியில் கையால் எழுதிப் பாருங்கள். கூத்துக்கு ஆட்களைத் தெரிவு செய்ததும், அதைப் பழக்குகிற அண்ணாவியார் முதலில் சட்டம் (பாட்டு எழுதிய ஏடு) கொடுப்பார். அவரவர் பாட்டைக் கையில் வாங்கி, அது நாக்கில் ஏறிய பிறகுதான் ஆட்டம். கண் தாண்டிப் போகிற இடத்தில் கை நின்றுவிடும். நான் ஒருமுறை நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை அப்படி எழுதிப் பார்த்தேன். ஒரு வசனம் முக்கால் பக்கத்துக்கு ஓடியது. ஏன் அவ்வளவு நீளம் என்று எழுதும்போதுதான் விளங்கியது. முற்றுப்புள்ளி வைத்தால் அந்த இடைவெளிக்குள் ஒரு சட்டத்தரணி புகுந்துவிடுவார்.

மூத்தம்மாவின் கவிதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் இழுத்த விசயம். அதைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். வழுக்கைத் தலையைக் கச்சான் காற்று அடித்த காட்டுக்கு ஒப்பிடுகிற கவியை அவ கட்டாயம் அறிந்திருப்பா. கச்சானில் இலையெல்லாம் பறந்து நாலு மரம் மட்டும் நிற்கிற காட்டைப் பார்த்த வாய்தான் அதைச் சொல்லும். ஆனால் அது யாருடைய தலை? கவி ஒருவரைப் பார்த்து எறிவது. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைச் சொல்வதற்கு, சொன்னாலும் சிரித்துத் தப்புவதற்கு. யாருக்கு எறிந்தது, அந்த ஆள் திருப்பி என்ன சொன்னார் என்று தெரியாமல் நாலு வரியை மட்டும் எழுதி வைத்தால் பாதிதான் மிஞ்சும். போனை நீட்டி "கவி சொல்லுங்க மூத்தம்மா" என்று கேட்டுவிடாதீர்கள். பாடசாலைப் பிள்ளை மாதிரி விறைத்துப்போவா. அவ மீன் ஆய்கிற நேரம் பக்கத்தில் போய்க் குந்துங்கள், ஊரில் யாரைப் பற்றியாவது பேச்சை எடுங்கள். தானாக வரும். உங்களுக்கு வரவில்லை என்ற கவலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கதையைத் திருத்தி அனுப்ப அவசரம் இல்லை. அடுத்த கூட்டத்தின் குறிப்பில் வாய்க்கால், ஏக்கர், நாள் மூன்றையும் போட்டு மேலதிகாரியிடம் கொடுங்கள். அந்த உறுதிமொழியைக் கொடுக்கும்போது வாகனம் ஸ்டார்ட்டில் நின்றதா என்பதை எனக்குத் தனியாக எழுதுங்கள்.

அன்புடன்.