சமையலறைச் சுவரில் விரிசல்: எஸ்பிஏ-யில் கையெழுத்திடலாமா?

கேள்வி: ஐயா, நானும் கணவரும் முதல் முறையாக வீடு வாங்குகிறோம். செபராங் ஜெயாவில் ஒரு பழைய ஒற்றை மாடித் தொடர் வீடு, விலை 380,000 வெள்ளி. ஏஜண்டு கொடுத்த ஆஃபர் படிவத்தில் கையெழுத்திட்டு 2 சதவீதம், அதாவது 7,600 வெள்ளி கட்டிவிட்டோம். வங்கிக் கடனும் கிடைத்துவிட்டது, ஆனால் கடன் பத்திரத்தில் இன்னும் கையெழுத்திடவில்லை. மனசு கேட்காமல் ஆள் வைத்து வீட்டைச் சோதித்தோம். பின்பக்கம் நீட்டிக் கட்டிய சமையலறை வீட்டை விட்டு விலகுகிறதாம். கூரை மரத்தில் கரையானாம். நீட்டிக் கட்டியதற்கு மன்ற அனுமதி இருப்பதாகவும் தெரியவில்லையாம். ஏஜண்டோ, "பழைய வீடென்றால் இப்படித்தான், வெள்ளிக்கிழமைக்குள் எஸ்பிஏ என்ற விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாவிட்டால் முன்பணம் போய்விடும்" என்கிறார். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் ஒரு குறையும் சொல்லவில்லையே?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, நீங்கள் இன்னும் எஸ்பிஏ-யில் கையெழுத்திடவில்லை. இந்தக் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்த செய்தி அதுதான். அந்த அறிக்கையை வைத்து இன்று நீங்கள் பேரம் பேசலாம், நிபந்தனை போடலாம், விலகவும் செய்யலாம். கையெழுத்திட்ட பிறகு இதில் எதுவும் எளிதல்ல.

ஏன் என்று சொல்கிறேன். பழைய வீட்டு ஒப்பந்தங்களில் பெரும்பாலும், வீட்டை இருக்கிற நிலையிலேயே வாங்கிக்கொள்வதாக ஒரு விதி இருக்கும். விற்பவர் குறையை மறைத்தார் என்று பிறகு வழக்குப் போடலாமே என்பீர்கள். மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, பேச வேண்டிய கடமை இல்லாத இடத்தில் ஒருவர் வெறுமனே வாய் மூடி இருந்ததை மோசடி என்று சொல்ல முடியாது. 19-வது பிரிவோ, சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலையில் மௌனத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய விடாது. உங்கள் விஷயத்தில் உண்மை ஏற்கெனவே தெரிந்தே விட்டது, கையில் அறிக்கை இருக்கிறது. அதைப் படித்த பிறகும் எந்த நிபந்தனையும் போடாமல் கையெழுத்திட்டால், "தெரிந்துதானே வாங்கினீர்கள்" என்ற ஒரே கேள்வியில் உங்கள் வழக்கு படுத்துவிடும்.

வங்கி மதிப்பீட்டாளரை நம்பி இருக்காதீர்கள். கடனுக்கு ஈடாக அந்த வீடு தேறுமா என்று வங்கிக்குச் சொல்வதே அவர் வேலை. கூரைக்குள் ஏறி மரத்தைத் தட்டிப் பார்க்க அவரை யாரும் அனுப்பவில்லை. உறவினர்கள் யாராவது "டிரிபியூனலுக்குப் போகலாம்" என்றால் அதையும் நம்ப வேண்டாம். வீடு வாங்குவோர் தீர்ப்பாயமும் குறைகளைச் சரிசெய்து தர வேண்டிய 24 மாதக் குறைபாட்டுப் பொறுப்புக் காலமும் மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்குவோருக்கானவை. தனியாரிடமிருந்து பழைய வீடு வாங்கும்போது விற்பவர்மீது அங்கே போக முடியாது.

அறிக்கைக்கு வருவோம். இப்படிப்பட்ட அறிக்கைகளில் பக்கம் பக்கமாகச் சிவப்புக் குறி இருக்கும். உள்ளே காலியாக ஒலிக்கும் தரை ஓடு, குளியலறை ஈரம், பழைய சுவிட்ச் எல்லாம் எந்தப் பழைய வீட்டிலும் உண்டு. அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கரையான் அதைவிடப் பெரிய செலவு, ஆனாலும் ஒரு குத்தகையாளர் ஏறிப் பார்த்துத் தொகை சொல்லிவிடுவார். சமையலறைதான் கவலைக்குரியது.

பட்டர்வொர்த், பிறை வட்டாரத்தில் பல இடங்களில் மென்மையான கடற்களிமண். முதலில் இருந்த வீட்டை மேம்பாட்டாளர் பைலிங் அடித்து, அதாவது மண்ணுக்குள் ஆழமாகத் தூண் இறக்கிக் கட்டியிருக்கக்கூடும். பின்னால் நீட்டியவர் பல நேரங்களில் ஆழமில்லாத அடித்தளத்தோடு முடித்துவிடுகிறார். வீடு நிற்க, சமையலறை மட்டும் மெல்லத் தாழ்கிறது. பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் கோட்டைப் போய்ப் பாருங்கள். விரிசல் மேலே அகலமாகவும் கீழே குறுகியும் இருந்தால் சமையலறை வெளிப்பக்கம் சாய்கிறது என்று பொருள். அந்தக் கோட்டில் மட்டும் புதுச் சிமெண்டும் புதுப் பெயிண்டும் தெரிந்தால், எப்போது பூசினார்கள், அதற்குப் பிறகு மறுபடி வெடித்ததா என்று கேளுங்கள். தாழ்வது நின்றுவிட்டதா, இன்னும் தொடர்கிறதா? இதை மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவு பெற்ற ஒரு கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டும். சோதனை நிறுவனத்தின் புகைப்படங்கள் மட்டும் போதாது. அந்தச் செலவுக்குத் தயங்காதீர்கள்.

அனுமதி விவகாரத்தைப் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். "இந்த லைனில் எல்லார் வீட்டிலும் இப்படித்தான்" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70-வது பிரிவுப்படி உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி இல்லாமல் கட்டடத்தை மாற்றக் கூடாது. இடிக்க உத்தரவு கேட்டு மன்றம் நீதிமன்றம் போகவும் முடியும். அப்போது வீடு உங்கள் பெயரில் இருந்தால் தலைவலி உங்களுக்குத்தான். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை விற்பவரிடம் கேளுங்கள். அவரிடம் இல்லையென்றால் செபராங் பிறை மாநகர் மன்றத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

சரி, 7,600 வெள்ளி? இதற்கு விடை நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தில் இருக்கிறது, ஏஜண்டின் பேச்சில் இல்லை. வீட்டுச் சோதனை திருப்தியாக இருக்க வேண்டும் என்றோ, ஒப்பந்தம் கையெழுத்தானால்தான் கட்டுப்படும் என்றோ வரி இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்க நல்ல வழி உண்டு. கையெழுத்திடத் தவறினால் முன்பணம் பறிமுதல் என்று மட்டும் இருந்தால் அதை இழக்க நேரலாம். அப்படியே ஆனாலும் கணக்குப் போடுங்கள்: எஸ்பிஏ அன்று இன்னும் 8 சதவீதம், 30,400 வெள்ளி கட்டுவீர்கள். அதன் பிறகு விலகினால் பணயத்தில் இருப்பது 38,000. இடித்துக் கட்ட வேண்டிய சமையலறையோடு பல ஆண்டுக் கடனைச் சுமப்பதைவிட 7,600-ஐ விடுவது மேல் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் விலகுவதற்கு முன் பேசிப் பாருங்கள். என் விருப்பம் விலைக் குறைப்பு. விற்பவரே சரிசெய்து தருகிறேன் என்றால், விற்றுவிட்டுப் போகிறவர் விரிசலுக்கு மேல் பூசுவாரே தவிர அடித்தளத்தைத் தோண்ட மாட்டார். அவர் விலையில் பிடிவாதமாக இருந்தால், பழுதுக்கான தொகையை இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு வழக்கறிஞரின் பொறுப்பில் நிறுத்தி வைத்து, பொறியாளர் சான்று தந்த பிறகே விடுவிப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். விலை குறைந்தால் வங்கி கடன் தொகையையும் திருத்தும், அதற்கு நாளாகும். அந்த இடைவெளியில் யாராவது, "பத்திரத்தில் 380,000 என்றே இருக்கட்டும், மிச்சத்தைக் கையில் தருகிறேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது வங்கியை ஏமாற்றுவது. கடன் மனுவில் இருப்பது உங்கள் கையெழுத்து.

வெள்ளிக்கிழமை கெடுவும் கல்வெட்டு இல்லை. இரு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொண்டால் நீட்டலாம். ஏஜண்டுக்குப் போன் செய்வதோடு விடாமல், அறிக்கையை இணைத்து, 14 நாள் அவகாசம் கேட்டு, இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். விற்பவருக்கும் நகல் போகட்டும். முன்பணம் ஏஜண்சியின் கணக்கில் இருக்கிறதா, யாருடைய சொந்தக் கணக்கிலாவது போனதா என்று ரசீதைப் பாருங்கள். அப்புறம் உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞரை வையுங்கள், விற்பவருக்கும் சேர்த்து வேலை செய்பவராக அவர் இருக்க வேண்டாம். ஆஃபர் படிவம், சோதனை அறிக்கை, வங்கியின் கடன் கடிதம் மூன்றையும் எஸ்பிஏ வரைவோடு அவரிடம் கொடுங்கள். அவர் படித்து முடிக்கும் வரை கடன் பத்திரத்திலும் கையெழுத்திட வேண்டாம்.